வாசலில் ஒரு கணக்கு: கொல்கத்தா கால்பந்து லீக்கை அதன் விதிகள் வழியே படித்தால்

2023 முதல் கொல்கத்தா கால்பந்து லீக்கின் உச்ச டிவிஷனில் வெளிநாட்டு வீரர்களுக்கு இடமில்லை. அதையடுத்து, களத்தில் நிற்கும் பதினொரு பேரில் இத்தனை பேராவது வங்காளத்துப் பையன்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. அங்கே அவர்களைப் 'பூமிபுத்ரா' என்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரியில் முடிந்துபோகிற செய்திதான். ஆனால் இதே லீக்கில் ஒரு காலத்தில் இந்தியக் கிளப்புகளுக்கே இடமில்லை. பிறகு, 'வரலாம், ஆனால் முதல் டிவிஷனில் இரண்டு கிளப்புகளுக்கு மேல் கூடாது' என்றார்கள். உள்ளே யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று வாசலில் நின்று எண்ணும் வேலை மட்டும் 1898இலிருந்து மாறவில்லை. எண்ணுகிற ஆளும் எண்ணப்படுகிற ஆளும்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆசியாவின் மிகப் பழைய கால்பந்து லீக் இது. சாம்பியன்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆனால் பட்டியலைப் பார்த்தால் லீக் புரியாது. விதிகளையும், அந்த விதிகள் எதைத் தடுக்க எழுதப்பட்டன என்பதையும், ஆடிய மண்ணையும் பார்த்தால்தான் புரியும்.

கோப்பையில் ஆடலாம், லீக்கில் கூடாது

இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன், சுருக்கமாக ஐ.எஃப்.ஏ., 1893இல் தொடங்கியது. பெயரில்தான் இந்தியா. நிர்வாகம் முழுக்க ஐரோப்பியர் கையில் இருந்தது. அகில இந்திய சம்மேளனம் வந்ததே 1937இல்தான் என்பதால், வெகு காலம் இந்த ஊர்ச் சங்கமே நாட்டுக் கால்பந்தின் முகமாக இருந்தது. லீக் 1898இல் ஆரம்பமானது. முதல் சாம்பியன் க்ளாஸ்டர்ஷையர் ரெஜிமென்ட் என்ற ராணுவ அணி.

அப்போது இந்தியர்கள் கால்பந்தே ஆடவில்லை என்று நினைக்க வேண்டாம். 1889இல் தொடங்கிய டிரேட்ஸ் கப்பில் இந்தியக் கிளப்புகள் ஆடின. 1892இல் அந்தப் போட்டியில் சோபாபஜார் கிளப் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது. கோப்பைப் போட்டிக்குள் விட்டவர்கள் லீக்குக்குள் ஏன் விடவில்லை? இரண்டு போட்டிகளின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. கோப்பைப் போட்டி ஒரு மாலையோடு முடியும். தோற்றவன் வீட்டுக்குப் போவான், அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. லீக் அப்படியல்ல. அதில் புள்ளிப் பட்டியல் உண்டு. சீசன் முழுக்க அந்தப் பட்டியல் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கும். ஒரு ராணுவ அணி, குமாஸ்தாக்களும் மாணவர்களும் ஆடுகிற 'நேட்டிவ்' அணிக்குக் கீழே மூன்று மாதம் உட்கார்ந்திருக்க நேரலாம். கடைசியில் டிவிஷன் இறங்கவும் நேரலாம். அந்தப் பட்டியலைத்தான் தாங்க முடியாது என்று நினைத்திருக்கிறார்கள்.

அதனால் முதல் முப்பத்தைந்து ஆண்டு சாம்பியன் பட்டியல் ராணுவ அட்டவணை மாதிரி இருக்கும். 1908, 1909 கோர்டன் ஹைலாண்டர்ஸ். 1912, 1913 பிளாக் வாட்ச். ரெஜிமென்ட்டுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் சாம்பியனே லீக்கிலிருந்து காணாமல் போய்விடும். நிலையாக இருந்தவை வெள்ளைக்கார சிவிலியன் கிளப்புகள்தான்: எட்டு முறை வென்ற கல்கத்தா எஃப்.சி., நான்கு முறை வென்ற டல்ஹவுசி.

1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியின் இறுதியில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷையர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். வங்காளத்தில் இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த தேதி. ஆனால் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் லீக்கின் கதவு திறக்க மூன்று ஆண்டு ஆனது. 1914இல் மோகன் பகானையும் ஏரியனையும் இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள். 1915இல் மோகன் பகான் முதல் டிவிஷனுக்கு ஏறியது. பின்னர் ஏரியனும் ஏறியது. அங்கேதான் அந்த எழுதிவைத்த கணக்கு: முதல் டிவிஷனில் இந்தியக் கிளப் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டு இடம், மூன்றாவது ஆள்

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதை ஊரறிந்தது. 1920 ஜூலை 28 அன்று கூச்பிகார் கப் ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஜோராபகான் கிளப் ஷைலேஷ் போஸ் என்ற வீரரை வெளியே உட்கார வைத்தது. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். நான்கு நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புதுக் கிளப். கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் போஸை ஒதுக்கினார்கள் என்பது வெளியேறியவர்களின் மனக்குறை.

1924இல் இந்தப் புதுக் கிளப் இரண்டாம் டிவிஷனில் முன்னணிக்கு வந்தது. போட்டியாக நின்றது கேமரன் ஹைலாண்டர்ஸின் 'பி' அணி. அதே ரெஜிமென்ட்டின் 'ஏ' அணி ஏற்கெனவே முதல் டிவிஷனில் இருந்ததால், 'பி' அணி ஏற முடியாது. ஆக, ஏற வேண்டியது ஈஸ்ட் பெங்கால். ஆனால் இந்தியர்களுக்கான இரண்டு இடத்திலும் மோகன் பகானும் ஏரியனும் உட்கார்ந்திருந்தன. விதியைத் தளர்த்துவது குறித்து கிளப்புகளிடம் கேட்டபோது, ஐரோப்பியக் கிளப்புகள் சரி என்றன. எதிர்த்தவை அந்த இரண்டு இந்தியக் கிளப்புகள்தான் என்று வங்காளத்தில் இன்றுவரை சொல்லிக் காட்டுவார்கள். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. கூட்டமான ரயில் பெட்டிக்குள் எப்படியோ ஏறிவிட்டவன்தான் அடுத்த ஸ்டேஷனில் கதவை இழுத்துப் பிடிப்பான்.

விதி போயிற்று. 1925 மே 28 அன்று மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக்கில் முதன்முறை மோதின. நேபால் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. இன்று ஊரையே இரண்டாகப் பிளக்கிற டெர்பியின், அதாவது ஒரே ஊர்க் கிளப்புகளின் மோதலின், தொடக்கம் அது. மேற்கு வங்காளத்துப் பூர்வீகக் குடிகள் 'கோட்டி' (நெல்லைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே அதற்குப் பொருள் வேறு). அவர்கள் மோகன் பகான் பக்கம். கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்', ஈஸ்ட் பெங்கால் பக்கம். அவர்களுக்கு இறால், இவர்களுக்கு இலிஷ் மீன். இந்த மீன் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

மழை, களிமண், பூட்ஸ்

கொல்கத்தா லீக்கை மழையை விட்டுவிட்டுப் பேச முடியாது. உலகத்தில் பெரும்பாலான லீக்குகள் மழைக்கு ஒதுங்கும்; இது மழையோடு வரும். மே வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை ஓடுவது அதன் பழைய வழக்கம். காரணம் இரண்டு. ஒன்று, மைதான் என்ற அந்தப் பெரும் புல்வெளியில் ஒரே நிலத்தை மூன்று ஆட்டங்கள் பங்குபோட்டுக்கொண்டன: குளிர்காலத்தில் கிரிக்கெட், அது முடிந்ததும் ஹாக்கி, பிறகு கால்பந்து. இரண்டாவது, கங்கை வண்டல் மண் கோடையில் செங்கல் மாதிரி இறுகிவிடும். விழுந்தால் முழங்கால் தோல் போகும். முதல் மழை இறங்கியதும் மண் இளகி ஆடுவதற்கு வாகாகும். சிக்கல் என்னவென்றால், அந்த வாகு சில நாள்தான். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். அதில் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். களிமண் தண்ணீரை உள்ளே விடாது. கோல் முகத்திலும் நடுவட்டத்திலும் புல் முதலில் தேயும், அங்கே குழி விழும், குழியில் சேறு நிற்கும். ஜூலை கடைசியில் பந்து தரையில் உருளாது. விழுந்த இடத்தில் 'சப்' என்று ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வெறுங்கால் ஆட்டக்காரரை அங்கே நிறுத்திப் பாருங்கள். காய்ந்த தரையில் அவர் ராஜா. கால் விரல்களால் பந்தைத் தொட்டு உணர முடியும், சட்டென்று திரும்ப முடியும், சின்னச் சின்னப் பாஸ்களாக நகர்த்த முடியும். கணுக்காலில் துணிப்பட்டை மட்டும் சுற்றியிருப்பார். மழை வந்தால் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார். முதலில், பிடிமானம்: பூட்ஸின் அடியில் அடித்திருக்கும் ஸ்டட் மண்ணைக் குத்திப் பிடிக்கும், பாதம் வழுக்கும். இரண்டாவது, பந்து. அந்தக் காலப் பந்து தோல் துண்டுகளைக் கையால் தைத்து, உள்ளே பிளாடர் வைத்து, வாயைக் கயிற்றால் கட்டியது. ஆட்டம் தொடங்கும்போதுதான் விதிப்படி எடை. 1937க்குப் பிறகு 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது சுமார் 400 முதல் 450 கிராம். தையல் வழியே தண்ணீர் ஏறினால் பாதி ஆட்டத்தில் அது வேறு பந்து. வெறுங்காலால் அதை முப்பது கெஜம் தூக்கி அடிப்பது பெரும்பாடு. மூன்றாவது, எதிராளியின் பூட்ஸ். அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை முதலில் சரியாகப் போட்டது முகமதன் ஸ்போர்ட்டிங். 1891இல் தொடங்கிய கிளப்; நாற்பது ஆண்டு பெரிதாகப் பேசப்படவில்லை. 1933இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி, 1934இல் முதல் டிவிஷனில் ஆடிய முதல் சீசனிலேயே பட்டம் வென்றது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரிதான் சாம்பியன். லீக்கை வென்ற முதல் இந்தியக் கிளப் முகமதன். அதோடு நிற்காமல் 1938 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது.

அதன் செயலாளர் சி.ஏ. அஜீஸ் செய்தவை இரண்டு காரியம். தரை நனைந்தால் பூட்ஸ் போட்டு ஆட வீரர்களைப் பழக்கினார். அடுத்து, 'வங்காளத்துப் பையன்கள் போதும்' என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, பெங்களூரிலிருந்தும் வடமேற்கு எல்லைப் பக்கமிருந்தும் ஆள் திரட்டினார். உயரமும் கட்டுமஸ்தும் உள்ள பின்வரிசை, வேகமான முன்வரிசை. ஒரு சீசனில் இருபது ஆட்டத்துக்கு மேல், அதில் பாதி சேற்றில் என்றால், தனிமனிதத் திறமையைவிட இந்தத் தயாரிப்புதான் புள்ளிகளைக் கொண்டுவரும். ஷீல்டு வெல்ல ஐந்தாறு நல்ல மாலைகள் போதும். லீக் வெல்ல மோசமான மாலைகளையும் சமாளிக்கத் தெரிய வேண்டும். 1911இல் ஷீல்டு வென்ற மோகன் பகான், லீக்கை முதன்முதலில் வென்றது 1939இல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை.

முகமதன் காட்டிய வழியை எல்லோரும் உடனே பிடித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. வெறுங்கால் ஒரு பெருமையாகவும் இருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகுதான் இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமானது. ஆட்ட நேரமும் அப்படியே. உலகம் 90 நிமிடம் ஆடிக்கொண்டிருக்க, இங்கே வெகு காலம் 70 நிமிடம்தான். புழுக்கமும் சேறும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டாலும், விலை கொடுத்தது சர்வதேச ஆட்டங்களின் கடைசி இருபது நிமிடத்தில்.

டெண்ட்டும் டிக்கெட்டும்

கிளப்பின் அலுவலகத்தைக் கொல்கத்தாவில் 'டெண்ட்' என்பார்கள். பார்த்தால் மரமும் தகரமும் கொண்ட வீடு மாதிரி இருக்கும். கேன்டீன் உண்டு, உறுப்பினர்களுக்கு நாற்காலி உண்டு. ஆனால் பெயர் டெண்ட்தான். மைதான் நிலம் ராணுவத்துடையது. ஃபோர்ட் வில்லியம் கோட்டையிலிருந்து பீரங்கி சுட மறைப்பில்லாமல் இருக்கட்டும் என்று வெட்டவெளியாக விட்ட நிலம் அது. இன்றும் அதில் நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. எதற்கும் ராணுவத்தின் அனுமதி வேண்டும். ஆகவே நூறாண்டு பழைய கிளப்புகளும் காகிதத்தில் கூடாரவாசிகள்.

இது வெறும் வேடிக்கைத் தகவல் அல்ல. லீக்கின் பொருளாதாரமே இதில் சிக்கிக்கொண்டது. வேலி போட்டு, கேலரி வைத்து, டிக்கெட் விற்கக்கூடிய மைதானத்தை 'கேரா மாட்' என்பார்கள், அதாவது அடைத்த மைதானம். அவை மூன்றே மூன்று: மோகன் பகான் கல்கத்தா எஃப்.சி.யோடும், ஈஸ்ட் பெங்கால் ஏரியனோடும் பங்கிட்டுக்கொண்டவை, பிறகு முகமதன் மைதானம். கான்கிரீட் போட முடியாததால் மரக் கேலரி. அதில் ஓரளவுக்கு மேல் ஆள் ஏற்ற முடியாது. வெகு காலம் விளக்கும் இல்லை. ஆட்டம் பிற்பகலில் தொடங்கினால்தான் மழை மேகத்தில் இருட்டுவதற்குள் முடியும். அலுவலக நாளில் நடுப்பகலுக்கு மேல் வேலையை விட்டு வரக்கூடிய ஊர் என்பதால்தான் அந்த லீக் பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

மீதிக் கிளப்புகள் ஆடுவது திறந்த வெளியில். கீழ் டிவிஷன் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தால் தெரியும்: சுண்ணாம்புக் கோடு மழையில் பாதி கரைந்திருக்கும், கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி ஆட்கள் குடை பிடித்து நிற்பார்கள், லைன்ஸ்மேன் அவர்களை முதுகால் தள்ளிக்கொண்டே ஓடுவார். டிக்கெட் வருமானம் கிடையாது. பந்து, சீருடை, டிபன், பயணப்படி எல்லாம் பேட்டைப் பெரிய மனிதர் ஒருவரின் பையிலிருந்து வர வேண்டும். அவருக்குச் சலிப்புத் தட்டினால் கிளப் படுத்துவிடும்.

அமெச்சூர் என்ற வார்த்தை

சங்கத்தின் விதிப்படி இவர்கள் எல்லோரும் வெகு காலம் அமெச்சூர்கள். சம்பளம் கிடையாது. அப்படியானால் பெங்களூரிலிருந்து ஓர் ஆளை எப்படி வரவழைப்பது? வேலை வாங்கிக் கொடுத்துத்தான். துறைமுகம், சுங்கம், ரயில்வே, போலீஸ் எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. கிளப்பு வீரருக்கோ கிளப்பின் புரவலர் ஏதாவது ஓர் அலுவலகத்தில் இடம் பிடித்துத் தருவார். மேற்கொண்டு கையில் கொடுப்பது ரசீது இல்லாத பணம். சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் என்று துறை அணிகளாகவே வளர்ந்ததும் இதே கணக்கில்தான். கால்பந்து ஆடினால் பென்ஷனோடு வேலை. குடும்பம் மகனை மைதானத்துக்கு அனுப்ப அது போதும்.

இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கத்துக்கு பி.கே. பானர்ஜியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் என்ற மூன்று பெரிய கிளப்புகளில் ஒன்றுக்கும் ஆடியதில்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் வேலை, அதே அணியில் ஆட்டம். 1958இல் அந்த ரயில்வே அணி லீக்கை வென்றது. 1934க்குப் பிறகு மூன்று கிளப்புகளைத் தாண்டி ஒருவர் பட்டம் எடுத்தது அதுவே முதல் முறை. அடுத்த முறை அது நடக்க 61 ஆண்டு ஆனது.

தென்னாட்டிலிருந்து போனவர்களும் இந்த வழியில் போனவர்கள்தான். ஈஸ்ட் பெங்காலின் 'பஞ்ச பாண்டவர்' என்று சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கொண்டாடப்பட்ட ஐந்து முன்வரிசைக்காரர்களான அகமது கான், வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரும் தெற்கத்தியர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பின்னாளில் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். தமிழ்நாட்டின் ராமன் விஜயன் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டது அதற்கு வெகு பின்னால்.

கெட்ட பக்கம், டிரான்ஸ்ஃபர் சமயத்தில் தெரியும். ஒப்பந்தம் என்று ஒன்று இல்லாததால் ஒவ்வொரு சீசனும் வீரர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். குறிப்பிட்ட சில நாள்களில் சுட்டர்கின் தெருவிலுள்ள ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் வந்து, எந்தக் கிளப்புக்கு ஆடப்போகிறேன் என்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். போட்ட கையெழுத்தை அதே காலக்கெடுவுக்குள் வாபஸ் வாங்கவும் வழி இருந்தது. இந்த இரண்டு விதியையும் சேர்த்தால் என்ன ஆகும்? பேசி முடித்த வீரரைக் கையெழுத்துப் போடும் நாள்வரை யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க வேண்டும். போட்ட பிறகு வாபஸ் நாள் தாண்டும்வரை மறுபடியும் ஒளித்துவைக்க வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரர்கள் வாரக்கணக்கில் யாரோ ஒருவரின் பண்ணை வீட்டில் இருந்ததும், அலுவலக வாசலில் இரு தரப்பு ஆதரவாளர்களும் கூட்டமாகக் காத்திருந்ததும் அதனால்தான். கொல்கத்தாக்காரர்களின் பைத்தியம் என்று இதை எழுதுவது சுலபம். பைத்தியம் விதியில் இருந்தது. பின்னாளில் டோக்கன் முறை வந்தது: வீரருக்கு ஒரு டோக்கன், அது யார் கையில் இருக்கிறதோ அந்தக் கிளப்புக்கே அவர். ஆளை ஒளிப்பதற்குப் பதில் டோக்கனைக் கைப்பற்றும் ஓட்டம் தொடங்கியது.

கீழ் டிவிஷன் பையன்களின் வருமானம் இன்னொரு வழி. அதற்குப் பெயர் 'கேப்'. புறநகரிலும் மாவட்டங்களிலும் நடக்கும் பரிசுப் போட்டிகளில் ஒரு நாள் கூலிக்கு ஆடுவது. லீக்கில் மாதம் முழுக்க ஆடிக் கிடைப்பதைவிட நாலு கேப் ஆட்டத்தில் அதிகம் கிடைக்கும். ஆனால் முழங்கால் தசைநார் அறுந்தால் கேட்க ஆள் இல்லை. பதிவு செய்த கிளப்புக்கோ அவர் அங்கே போனதே தெரியாது. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்கும்.

புள்ளிப் பட்டியலின் அடிவாரம்

மேலே பட்டம் வெல்லும் சண்டையைவிட, கீழே டிவிஷன் இறங்காமல் தப்பிக்கும் சண்டைதான் லீக்கின் குணத்தைக் காட்டும். இப்போது உச்ச டிவிஷனுக்குப் பெயர் பிரீமியர். அதற்குக் கீழே முதல் டிவிஷன் தொடங்கி ஐந்தாம் டிவிஷன் வரை அடுக்கடுக்காகப் போகிறது. எல்லாம் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட கிளப்புகள். 'கட்-அப்' என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல்: முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம். சீசனின் கடைசி வாரத்தில் ஒரு கிளப்புக்கு ஒரு புள்ளி வேண்டும். எதிரே நிற்பது நடுவில் பத்திரமாக இருக்கும் கிளப், அதற்கு வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான். அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாகலாம் என்பதால் இந்த உதவி கடனாகவே கொடுக்கப்படும். திறந்த மைதானத்தில், இருபது பேர் பார்க்கிற ஆட்டத்தில், இதைப் பிடிப்பது யார்? கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்கினால் பாதி குறையும். ஆனால் அதற்கு அத்தனை மைதானமும் காய்ந்த நிலையில், அத்தனை ரெஃப்ரீயும் அதே மாலையில் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அது நடக்கிற காரியமா?

லீக் முடியாமலேயே போன ஆண்டுகளும் உண்டு. 1930இல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது இந்தியக் கிளப்புகள் விலகிக்கொண்டன. 1947இல் லீக் நடக்கவே இல்லை. 1953, 1968 இரண்டும் பாதியில் நின்றன.

1980 வேறு மாதிரி. அந்த ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்டார்கள், ரெஃப்ரீ சிவப்பு அட்டை காட்டினார், கேலரியில் கல் பறந்தது. தப்பிக்க ஓடியவர்கள் குறுகிய படிக்கட்டில் நெரிபட்டார்கள். 16 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு லீக்கில் சாம்பியன் இல்லை. கிரிக்கெட்டுக்குக் கட்டிய அரங்கில் ரசிகர்களைப் பிரிக்காமல் உட்கார வைத்தது, வெளியேறும் வழி போதாதது என்று காரணங்கள் அப்பட்டமானவை. 1984இல் சால்ட் லேக்கில் யுவபாரதி அரங்கம் திறந்த பிறகு பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. ஆகஸ்ட் 16 அன்று இன்றும் நகரத்தில் கால்பந்து ரசிகர்கள் ரத்ததானம் செய்கிறார்கள்.

அதே 1980இல்தான் அலிகாரில் படிக்க வந்திருந்த ஈரானியர்கள் மஜீத் பிஷ்கார், ஜம்ஷித் நசீரி ஆகியோர் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட வந்தார்கள். நைஜீரியாவின் சீமா ஒக்கோரி சில ஆண்டுகளில் வந்தார். அதற்கு முன்னும் வெளிநாட்டவர் ஆடியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து அகதியாக வந்த பக்ஸ்லி 1945இல் ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையில் ஆடினார். ஆனால் இப்போது அது கொள்கையானது. சின்னக் கிளப்புகளும் ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கர் ஒருவரைத் தேடத் தொடங்கின. ஒரு சீசன் டிவிஷன் இறங்காமல் காப்பாற்ற ஒரே ஆள் போதும் என்பதால் அது புத்திசாலித்தனமான செலவு. அதன் விளைவு பத்தாண்டு கழித்துத்தான் தெரியும்: எல்லாக் கிளப்பிலும் ஒன்பதாம் எண் சட்டை, அதாவது கோல் அடிப்பவரின் இடம், வெளிநாட்டுக்காரருக்கு என்றால், உள்ளூர்ப் பையன் கோல் அடிக்க எங்கே கற்றுக்கொள்வான்?

1996இல் தேசிய லீக், 2007இல் ஐ-லீக், 2014இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்று நாடு தழுவிய லீக்குகள் வந்தன. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020இல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போன பிறகு கொல்கத்தா லீக்குக்கு அவை அனுப்புவது பெரும்பாலும் இளையோரும் ரிசர்வ் வீரர்களும்தான். அதற்கு முன்பே லீக் ஒருதலையாகிவிட்டது. 2010 முதல் 2017 வரை எட்டு முறை தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால்தான் சாம்பியன்.

2019இல் பியர்லெஸ் என்ற கிளப் வென்றது. 1958க்குப் பிறகு மூன்று கிளப்புகளுக்கு வெளியே போன முதல் பட்டம். அதிலும் மழைக்குப் பங்கு உண்டு. கடைசி ஆட்டத்தில் சுங்கத் துறை அணியான கஸ்டம்ஸைப் பெரிய கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் ஈஸ்ட் பெங்காலுக்குப் பட்டம் என்ற நிலை. மைதானத்தில் தண்ணீர் நின்றதால் ஆட்டம் நடக்கவில்லை. வேறொரு தேதியில், வேறு மைதானத்தில் வைத்தபோது ஈஸ்ட் பெங்கால் வரவில்லை. 2020இல் கோவிட்டால் லீக் இல்லை. 2021இல் முகமதன் சாம்பியன், 1981க்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து. தொடர்ந்து 2022, 2023 என மூன்று.

2023இல் அமைப்பையும் மாற்றினார்கள். பிரீமியர் 'ஏ', 'பி' இரண்டையும் ஒன்றாக்கி 26 அணி; 13 அணிகளாக இரண்டு குழு. ஒருமுறை மட்டும் மோதினாலும் குழுவுக்கு 78 ஆட்டம், மொத்தம் 156. ஒவ்வொரு குழுவிலும் முதல் மூன்று இடம் பிடித்தவை சூப்பர் சிக்ஸ் என்ற அடுத்த சுற்றுக்குப் போகும். கல்யாணி, நைஹாட்டி, பாரக்பூர் என்று புறநகர் மைதானங்களையும் சேர்த்துத்தான் இத்தனை ஆட்டத்தை நடத்த முடிகிறது.

வெளிநாட்டவர் தடையும் பூமிபுத்ரா விதியும் வந்தது இந்த நிலைமையில்தான். விதி சரியா என்று கேட்டால், ஒன்பதாம் எண் சட்டை உள்ளூர்ப் பையனுக்குத் திரும்பக் கிடைத்த வகையில் சரிதான். ஆனால் அகமது கானும் தங்கராஜும் முகமதனின் அந்த ஐந்தாண்டு அணியும் வெளியூர்க்காரர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். நடைமுறையில் விதியின் சுமை விழுவது பெஞ்சில் இருக்கும் மேனேஜர் தலையில். எண்ணிக்கை ஆட்டம் தொடங்கும்போது மட்டுமல்ல, முழு நேரமும் இருக்க வேண்டும். எழுபதாவது நிமிடத்தில் வங்காளப் பையன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், நல்ல ஸ்ட்ரைக்கர் தயாராக இருந்தாலும் முதலில் பட்டியலைப் பார்த்து எண்ண வேண்டும்; எண்ணிக்கை தவறினால் களத்தில் வென்ற ஆட்டத்தைக் கமிட்டி மேசையில் இழக்க நேரும். பதிவின்போது பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் பார்க்கிற வேலையும் இரட்டிப்பாகிவிட்டது. மேனேஜரின் பையில் இப்போது ஐஸ் பேக்கோடு பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளும் இருக்கிறது; மழையில் நனைந்து மை கலைந்துவிடாமல், யார் எந்த ஊர் என்று படிக்க முடிகிற மாதிரி.